நாற்காலிப் படிப்பு

சிவசக்தி பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார்ந்ததாக லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எவரும் சாட்சி சொன்னதில்லை. கைக்குழந்தையாய் இருந்தபோது அவளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுத்தான் அம்மா விஜயலெட்சுமி கொழுந்தெடுக்கப் போவாள். அங்கே பிள்ளை பார்க்கிற ஆயா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் இடுப்பில் ஒரு மணியைக் கட்டிவிட்டாள். மணிச் சத்தத்தைக் கேட்டு ஆடுகள் பின்னால் சேர்ந்துகொண்டன. அன்று சாயங்காலம் தோட்டத்தின் அடுத்த டிவிஷனிலிருந்து ஆள் வந்து, "ஒங்க புள்ள எங்க பக்கம் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருக்கு, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தொடர்ந்து மேய்க்க வருமா என்று அவர் கேட்டதாகவும், பிள்ளைக்கு அப்போது பேச்சு வராததால் அந்த வேலை கைநழுவிப் போனதாகவும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் சொல்வார்கள்.

ஆகவே அவள் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷத்தை முடித்து, மூன்றாம் வருஷத்துக்கு என்னென்ன பாடம் எடுப்பது என்று பதிவுசெய்கிற காலம் வந்தபோது, அவள் நின்று நிதானித்து யோசிப்பாள் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

அவளும் ஏமாற்றவில்லை. விடுமுறைக்கு வந்த மறுநாளே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள். அந்தத் தோட்டத்தில் சிக்னல் லயத்துக்கு இறங்கி வருகிற வழக்கம் இல்லை. உச்சியில் ஒற்றைச் சவுக்கு மரம் நிற்கிறது, அதனடியில்தான் கிடைக்கும். அதுவும் பசறைப் பக்கமிருந்து காற்றடித்தால் இரண்டு கோடு, மற்றப் பக்கமிருந்து அடித்தால் ஒன்றுமில்லை. கட்டாரில் இருக்கிற மகனோடு பேசுகிறவர்கள், கொழும்பில் இருக்கிற மகளோடு சண்டை பிடிக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். தோட்டத்தில் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனது அந்த மரத்தால்தான்.

அங்கே நின்றபடியே சிவசக்தி பாடங்களைத் திறந்தாள். ஒரு பக்கம் கணிதம்: மெய்ப் பகுப்பாய்வு, அருவ இயற்கணிதம், நிகழ்தகவு. மறுபக்கம் கணினி: தரவுத்தளம், இயங்குதளம், வலையமைப்பு, இப்போது எல்லோரும் பேசுகிற செயற்கை நுண்ணறிவு. ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிரெடிட் என்று போட்டிருந்தது. கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு அதைப் படித்ததும் புரிந்துபோயிற்று. சொன்ன கிலோவை எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். மிஞ்சினால் ஓவர் கிலோ, அதற்குத் தனிக் காசு. துளிர்த்து நிற்கிற கொழுந்தைச் செடியில் விட்டுவிட்டு வருகிறவள் பைத்தியக்காரி. சிவசக்தி இரண்டு கையாலும் எடுத்தாள். கணிதத்தில் ஒன்று விடவில்லை, கணினியிலும் ஒன்று விடவில்லை. பதிவுப் பக்கம் அவளைத் தடுக்கவுமில்லை. பேசாமல் ஒரு சிவப்புக் குறியைப் போட்டு, மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிற விரிவுரையாளர் ஹாஷிமுக்கு அனுப்பிவைத்தது.

அடுத்த தடவை அவள் மரத்தடிக்குப் போனபோது ஹாஷிமின் அழைப்பு வந்தது.

"சிவசக்தி, செவ்வாய்க்கிழமை காலைல நீங்க மூணு வகுப்புல இருக்கிறதா போட்டிருக்கீங்க. எப்படி?"

"ஓடிருவேன் சேர்."

"மூணும் ஒரே நேரம்."

"வேகமா ஓடிருவேன் சேர்."

ஹாஷிம் நேர அட்டவணையைப் புரட்டுகிற சத்தம் தொலைபேசியில் கேட்டது.

"எவ்வளவு வேகமா ஓடினாலும் ஏலாது. கணக்குல சிறப்புப் பட்டம், இல்லாட்டி கம்ப்யூட்டர்ல சிறப்புப் பட்டம். ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை பகலோட பதிவ மூடிருவாங்க. அதுக்குள்ள ஒண்ண வெச்சு மத்தத நீக்காட்டி, ரெண்டும் இல்ல. பொதுப் பட்டந்தான்."

"ரெண்டுலயும் எனக்கு நல்ல மார்க்ஸ் இருக்கே சேர்."

"அதுதானே வில்லங்கம். ஒண்ணுல கொறஞ்சிருந்தா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

"நீங்களே ஒண்ணச் சொல்லுங்களேன் சேர்."

"நான் சொல்ல மாட்டேன். சொன்னா பத்து வருஷம் கழிச்சு என்னையத்தான் ஏசுவீங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

வரிசையில் பின்னால் நின்ற ஜெயலெட்சுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். லயத்தில் அடுத்த காம்பரா அறையில் குடியிருப்பவள். அவள் சிவசக்திக்கு முன்னாலேயே மலையிறங்கினாள். சிவசக்தி ஓடித்தான் வந்தாள், இருந்தாலும் செய்தி அவளுக்கு முன்பே வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

"இதுல யோசிக்க என்னா இருக்கு? கம்ப்யூட்டர்தான்" என்றாள் விஜயலெட்சுமி. கூடையை இறக்கிய கையோடு சொன்னாள், இன்னும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"எனக்குக் கணக்கும் புடிக்கும்மா."

"புடிக்கிறது வேற, பொழைக்கிறது வேற. கம்ப்யூட்டர் வேலைன்னா உக்காந்து பாக்குற வேலை. காத்தாடிக்குக் கீழ. நனையத் தேவையில்ல, அட்டை கடிக்காது. எங்கம்மா நின்னுச்சு. எங்கம்மாவோட அம்மா நின்னுச்சு. நான் நின்னுக்கிட்டு இருக்கேன். எங்க வம்சத்துல உக்காந்தவ ஒருத்தி இல்ல. நீயாவது உக்காரு."

சிவசக்தி வாசலுக்கும் அடுப்படிக்குமாய் நடந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காலையில் கம்ப்யூட்டர் என்று முடிவு செய்வாள். தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் முகம் கழுவித் துடைப்பதற்குள் கணக்காகிவிடும். சாப்பிடும்போது மறுபடி கம்ப்யூட்டர். மனம் மாறுகிற ஒவ்வொரு தடவையும் லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்வருவாள். தூக்கத்திலும் படுக்கையை இரண்டு தடவை மாற்றிப் போட்டாள். அவள் பின்னாலேயே போய்வந்த லயத்து நாய் முதல் நாள் நாக்கைத் தொங்கப் போட்டது, இரண்டாம் நாள் மெலிந்தது, மூன்றாம் நாள் எதிர் லயத்துக்குக் குடிமாறிப் போய்விட்டது. வாசலில் அவள் நடந்த தடம் வாய்க்கால் போலக் குழிந்து, மழைத் தண்ணீர் அதன் வழியாய் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. தண்ணீர் ஓடுகிற கான் வெட்ட ஆள் வேண்டுமென்று வருஷக்கணக்காய்க் கேட்டுக்கொண்டிருந்த கங்காணி வந்து பார்த்துவிட்டு, "எதிர்ப்பக்கமும் கொஞ்சம் நட தாயி" என்றார்.

சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றது போய்விடும். போனால் போனதுதான், அடுத்த கொழுந்து வருகிற மாதிரி அது திரும்பத் துளிர்க்காது. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் கம்ப்யூட்டர். கண்ணை மூடினால் கணக்கு.

இந்த நிலைமையில் அப்பா அழகர் பதுளைக்குப் போனார். தேயிலைப் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை அவருக்கு. அவரும் நிற்கிறவர்தான். பதுளைக் கடைவீதியில் ராமாமிர்தம் என்ற துணிக்கடை முதலாளி அவருக்கு நெடுநாள் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் முதலாளி சொன்னார்:

"கம்ப்யூட்டர் படிப்புன்னா மொதல்ல நாற்காலி சரியா இருக்கணும் அழகரு. என் மருமகன் அந்த வேலைதான். காலைல உக்காந்தா ராத்திரிதான் எந்திரிப்பான். அவன் மூளையெல்லாம் நாற்காலியிலதான் இருக்கு."

"அப்படிங்களா மொதலாளி?"

"பின்ன? நாற்காலி இல்லாமதான் ஒம் மகளுக்கு முடிவெடுக்க வரல. இத எடுத்துட்டுப் போ, நான் புதுசு வாங்கிக்கிறேன்" என்று தான் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கீழே ஐந்து சக்கரம், சாய்ந்தால் சாயும், நெம்பினால் உயரும். ராமாமிர்தம் கனத்த மனிதர். அவர் எழுந்ததும் நாற்காலி ஒரு சாண் உயர்ந்து பெருமூச்சு விட்டது.

இந்தத் தவறை வேறு எந்த ஊர்க்காரரும் செய்திருக்க மாட்டார். சக்கரம் வைத்த நாற்காலியை மலைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவதென்றால் அழகரால்தான் முடியும்.

பஸ்ஸில் லுணுகலை வரை வந்தது, அங்கிருந்து கொழுந்து லொறியில் மேல் லயம் வரை வந்தது, எல்லாம் சரி. ரோட்டில் இறக்கி வைத்ததும் அழகருக்கு ஓர் ஆசை. மகள் உட்காரப்போகிற நாற்காலி, எப்படி இருக்கிறதென்று ஒரு தரம் பார்த்துவிடலாமே. உட்கார்ந்தார். நாற்காலி புறப்பட்டது.

நல்ல மூடுபனி. அந்தப் பனிமேல் ஒருத்தர் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டுப் போவார், பனி விலகினால் சைக்கிள் விழும். அவ்வளவு கெட்டி. அதைக் கிழித்துக்கொண்டு அழகர் போனார். முதல் வளைவை நாற்காலியே பார்த்துத் திரும்பிற்று. இரண்டாம் வளைவில் ஒரு கோழி மடியில் ஏறிக்கொண்டது. மூன்றாம் வளைவில் மழை தூற, அழகர் குடையை விரித்தார். விரித்தால் வேகம் குறையும் என்று நினைத்தார், காற்று பின்னாலிருந்து அடித்ததால் கூடிற்று. பெக்டரி வாசலில் நின்ற காவல்காரர் சதீஸ்குமார், குடையோடு உட்கார்ந்தபடி ஒருவர் இறங்கி வருவதைப் பார்த்து, புதுத் துரைதான் வருகிறார் என்று சல்யூட் அடித்து கேட்டைத் திறந்துவிட்டார். நாற்காலி நேரே போய்க் கொழுந்து நிறுக்கிற தராசில் ஏறி நின்றது. நிறுக்கிறவர் பழக்கதோஷத்தில் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்து எழுதினார்.

கோழியை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு அழகர் திரும்ப மலையேறி வந்தார்.

"என்னங்க இது?" என்றாள் விஜயலெட்சுமி.

"கம்ப்யூட்டர் நாற்காலி. நல்லா ஓடுது" என்றார் அவர்.

விஜயலெட்சுமி நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். உட்காரு என்று அழகர் சொன்னதற்கு, "நான் எதுக்கு? எம்புள்ள மொதல்ல உக்காரட்டும்" என்றாள். மகள் அவள் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை காலை சிவசக்தி உட்கார்ந்தாள். லயத்துக் காம்பராவின் தரை தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிந்தது. அதோடு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கை சிமெந்து போட்டுப் பூசியதில் அங்கங்கே மேடும் பள்ளமும். அவள் ஒரு வரி நிரல் எழுதுவதற்குள் நாற்காலி வாசலுக்குப் போய்விடும். திரும்ப இழுத்துக்கொண்டு வந்து அடுத்த வரி. அழகர் சக்கரத்துக்கு விறகுக் கட்டை வைத்தார். நாற்காலி நின்றது. அப்போது மேசை ஆடியது. கோயில் கமிட்டியிடம் இரவல் வாங்கிய சதுர மேசை. மூன்று கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில். ஓர் எழுத்தைத் தட்டினால் டக்கென்று ஓர் ஆட்டம்.

"அட்டை மடிச்சு வைக்கவா?" என்றார் அழகர்.

"இருங்கப்பா" என்று சிவசக்தி எழுந்தாள். எழுந்ததுமே அவளுக்கு மூச்சு சீராக வந்தது. மேசையை அதே இடத்தில் வைத்துக் கொஞ்சம் திருப்பினாள். ஆடியது. இன்னும் கொஞ்சம். ஆடியது. மேலும் ஒரு விரற்கடை திருப்பினாள். நான்கு காலும் பொருந்தி, மேசை கல்லாய் நின்றது.

"நல்லதாப் போச்சு. உக்காந்து எழுது" என்றாள் அம்மா.

அவள் உட்காரவில்லை. மேசையையே பார்த்தாள். இது தற்செயலா? அல்லது எந்தக் கரடுமுரடான தரையிலும், திருப்பிக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் நின்றுதான் ஆகவேண்டுமா? அப்படியென்றால், ஏன்?

"எங்க போற?"

"இந்தா வர்றேன்மா."

வாசலைத் தாண்டினாள். லயத்து முனையைத் தாண்டினாள். கோயிலைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறினாள். மூன்று கால் தரையைத் தொடுகிறது, நாலாவது தொங்குகிறது. அந்த மூன்றையும் தரையிலிருந்து எடுக்காமல் கால்வாசி வட்டம் திருப்பினால், ஒவ்வொரு காலும் அடுத்த காலின் இடத்துக்கு வந்துவிடும். அப்போது தொங்கிய காலின் கதை தலைகீழாகும், அது தரைக்குள் புதைந்தாக வேண்டும். தொங்குவதிலிருந்து புதைவதற்குப் போகிற வழியில், தொங்காமலும் புதையாமலும் ஓர் இடம் வந்தே தீரும். தாண்டிக் குதிக்க முடியாது. அந்த இடத்தில் மேசை நிற்கும்.

அது அவளுக்குப் புலப்பட்டபோது பாதி மலையில் நடந்துகொண்டிருந்தாள். நின்று எழுதிக்கொள்ளக்கூட இல்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து நடந்து பார்த்தாள், சரியாக வந்தது. காலில் மூன்று அட்டை ஏறியிருந்தது தெரியவில்லை. அத்தனை நாளாய் நடந்த கம்ப்யூட்டரா கணக்கா என்ற இழுபறி அந்த ஒரு மணிநேரம் நினைவுக்கே வரவில்லை என்பதும் திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. கம்ப்யூட்டரும் பிடிக்கும், பொய்யில்லை. ஆனால் அதற்கு அவள் அதனிடம் போய் உட்கார வேண்டும். கணக்கு அவளோடு நடந்து வருகிறது.

தெரிந்துவிட்டது என்பதற்காக நிம்மதி வந்துவிடுமா? அன்று மாலை முழுவதும் அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தாள். அம்மா நாற்காலிக்கு ஓர் உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சவுக்கு மரத்தடியில் ஜெயலெட்சுமி நின்றாள். கட்டாரிலிருக்கிற மகன் நிரோஷனுக்குக் கருவாட்டுக் குழம்பு வைப்பதெப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். புளி கரைக்கிற இடத்தில் இருந்தாள்.

"அத்தை, கொஞ்சம் வெலகுறீங்களா? பகலோட மூடிருவாங்க."

"இருடி, இவன் இன்னும் வெங்காயமே வெட்டல."

காற்று மாறியது. குழம்பு பாதியில் அறுந்தது. ஜெயலெட்சுமி காற்றை ஏசிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கீழே தேயிலைச் சரிவுக்கு இறங்கினாள். சிவசக்தி மடிக்கணினியை ஏந்திக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு கோடு வந்தது, போனது. பசறைப் பக்கம் பார்த்து, ஏதாவது செய் என்று கேட்டாள். பசறை செய்தது. இரண்டு கோடு.

பக்கம் திறந்தது. தரவுத்தளத்தை நீக்கினாள். "உறுதியா?" என்று கேட்டது. உறுதி. வலையமைப்பு. உறுதியா? உறுதி. இயங்குதளத்தில் கை நின்றது. போன வருஷம் அந்தப் பாடத்து ஆசிரியரின் வகுப்பில் அவளுக்குத்தான் அதிகப் புள்ளி. நல்ல கொழுந்தைச் செடியிலேயே விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. நீக்கினாள். செயற்கை நுண்ணறிவில் அம்மா சொன்ன காற்றாடி சுற்றியது. அதை நீக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். கணினிப் பக்கத்தில் துணைப்பாடமாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அல்கோரிதம் என்கிற வழிமுறைப் பாடத்தை மட்டும் வைத்தாள், நடந்துகொண்டே யோசிக்கக்கூடியது அது. கணிதம் முழுதாக நின்றது. அனுப்பினாள். பச்சைக் குறி விழுந்தது. அடுத்த நிமிஷம் சிக்னல் போய்விட்டது. வேறு முடிவுக்கு இனி வழியில்லை.

கால்கள் நேரே அம்மா இருந்த தேயிலைச் சரிவுக்கு இறங்கின.

பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். விஜயலெட்சுமி தலையில் கூடைக்கயிறு, இடுப்பில் படங்கு, இரண்டு கையும் செடிமேல் ஓடிக்கொண்டிருந்தன.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்மா."

"கம்ப்யூட்டர்தானே?"

"கணக்கு."

கைகள் நிற்கவில்லை. ஆனால் பறித்த கொழுந்தைக் கூடைக்குள் எறியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு எறிந்தாள்.

"கணக்குப் படிச்சா எங்க உக்காருவ?"

"தெரியலம்மா."

"வாத்தியார் வேலையா?"

"அதுவும் இருக்கலாம். வேற என்னமும் இருக்கலாம். தெரியல."

"வாத்தியாரும் நின்னுக்கிட்டுத்தான் படிச்சுக் குடுக்குறாங்க."

"ஆமா."

"இதுக்கா இத்தன படிப்பு?"

"என்னால உக்கார முடியலம்மா. உக்காந்தா எனக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குது. நடந்தாத்தான் வருது. நேத்து அந்த மேசையப் பாத்துட்டு ஓடினேனே, அப்பதான் தெரிஞ்சுச்சு. நான் ஒங்கள ஏமாத்தல. உக்காந்துட்டு, எந்திரிச்சுப் போற அன்னிக்கி ஏமாத்துனதா ஆகும்."

விஜயலெட்சுமி அடுத்த செடிக்குப் போனாள், அதற்கடுத்த செடிக்குப் போனாள். மகள் பக்கவாட்டில் கூடவே போனாள். அம்மாவின் கன்னத்தில் ஈரம் இருந்தது. தூறலும் பெய்துகொண்டிருந்ததால் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

பக்கத்து நிரையிலிருந்து ஜெயலெட்சுமியின் தலை எழும்பியது.

"என்ன மதினி, மக கம்ப்யூட்டர்தானே போட்டுச்சு? நாங்கூட எங்க நிரோஷன்கிட்ட சொல்லிட்டேன். கணக்கெல்லாம் இந்தக் காலத்துல எவ படிப்பா? கடலை விக்கிறதுக்கா?"

விஜயலெட்சுமி நிமிர்ந்தாள். கூடைக்கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டாள்.

"கணக்குத்தான் போட்டிருக்கா. எம் மக படிப்பா. ஒனக்கு என்ன? ஒன் நிரையில பாதிக் கொழுந்து அப்படியே நிக்கிது, கங்காணி வர்றதுக்குள்ள அதப் பாரு."

ஜெயலெட்சுமியின் தலை செடிக்குள் இறங்கியது. கொஞ்ச தூரத்தில் யாரோ சிரித்தார்கள். விஜயலெட்சுமி சிரிக்கவில்லை. மகள் பக்கம் திரும்பவுமில்லை. செடியைப் பார்த்தபடியே, ஏசுகிற குரலில்தான் சொன்னாள்:

"மழை வலுக்கப் போவுது, வீட்டுக்குப் போ. போறப்ப கணக்க யோசிச்சுக்கிட்டு போகாத. பாதை சறுக்கும்."

"சரிம்மா" என்றாள் சிவசக்தி. யோசித்துக்கொண்டேதான் போனாள். இரண்டு இடத்தில் சறுக்கினாள்.